கொக்கு தினை தின்பதில்லை



1930ஆம் வருஷம் ஏப்ரல் 13ஆம் தேதி, ராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் உப்புச் சட்டத்தை மீறுவதற்காகத் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்குக் கால்நடையாகப் புறப்பட்டார்கள். அப்போது தஞ்சை ஜில்லாக் கலெக்டராக இருந்த தார்ன் துரை, அவர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவர்கள் சிறைத் தண்டனைக்கு உள்ளாவார்கள் என்று ஊர்தோறும் அறிவிக்கச் செய்தார். வழிப்போக்கனுக்குச் சோறிடாமல் தான் உண்பதைப் பாவமென்று கருதிவந்த காவிரிக்கரையில், சோறிடுவதே குற்றமென்று பிறந்த அந்த உத்தரவைக் கேட்டு ஜனங்கள் கூட்டம் போட்டு விவாதிக்கவில்லை. வக்கீலிடம் யோசனை கேட்கவும் இல்லை. தொண்டர்கள் வரும் சாலையில் மரக்கிளைகளிலே சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தொண்டர்கள் இளைப்பாறும் ஆற்றங்கரைகளிலே உணவுப் பாத்திரங்களைப் புதைத்துவைத்தார்கள். கொடுத்தவர் என்று எவரைப் பிடிப்பது? ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு ஒரு கவளமேனும் மாறியதாகச் சாட்சி சொல்ல ஆளில்லை. ஆனால் தொண்டர்கள் பட்டினி கிடக்கவில்லை; ஏப்ரல் 30ஆம் தேதி வேதாரண்யத்தில் உப்பு எடுக்கவும் செய்தார்கள்.

அந்தப் பொட்டலத்தை மரத்தில் கட்டியவர்களின் புத்தியைப் பற்றித்தான் இன்று சிறிது நேரம் உங்களோடு பேச விரும்புகிறேன். சட்டம் முடிகிற இடத்துக்கும் தண்டனை தொடங்குகிற இடத்துக்கும் நடுவே ஒரு சாண் நிலம் எப்போதும் இருக்கிறது. அந்த ஒரு சாண் நிலத்திலே மனிதனுடைய கற்பனை எவ்வளவு செழித்து வளர்ந்திருக்கிறது என்பதற்கு நம் நாட்டு நாடக மேடையைப் போன்ற சான்று வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

கதை கல்கத்தாவிலே தொடங்குகிறது. பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னராக விளங்கிய வேல்ஸ் இளவரசர் 1875ஆம் வருஷக் கடைசியில் இந்தியாவுக்கு வந்து, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் தங்கியிருந்தபோது, ஜகதானந்த முகர்ஜி என்ற பிரபல வக்கீல் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்தார். வீட்டுப் பெண்கள் அந்தப்புரத்தை விட்டு வெளியே வந்து ஹிந்து முறைப்படி மங்கள வரவேற்பு அளித்தார்கள். நகரம் கொதித்தது. கிரேட் நேஷனல் தியேட்டர்காரர்கள் பிப்ரவரி 19ஆம் தேதி, ‘கஜதானந்தனும் யுவராஜனும்’ என்ற பிரகசனத்தை மேடையேற்றினார்கள். ஜகதானந்தன் கஜதானந்தனானதைத் தவிர வேறு திரை எதுவும் அதற்கு இல்லை. போலீஸார் தடுத்தார்கள். அதே நாடகம் ‘ஹனுமான் சரித்திரம்’ என்ற பெயரில் வந்தது. அதையும் தடுத்தார்கள். அப்போது கல்கத்தாப் போலீஸ் கமிஷனரின் பெயர் ஹாக். சூப்பரிண்டெண்டின் பெயர் லாம்ப். இங்கிலீஷில் முன்னது பன்றியையும் பின்னது ஆட்டுக்குட்டியையும் நினைவூட்டும் பெயர்கள். ஆகவே மூன்றாவது முறை, பன்றியும் ஆடும் நடத்தும் போலீஸைப் பற்றிய ஒரு பிரகசனம் அரங்குக்கு வந்தது.

ஒரு வீட்டுப் பெண்களின் செய்கையை ஊர் சிரிக்கவைத்த அந்த முதல் பிரகசனத்தை உயர்ந்த ஹாஸ்யம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பதினைந்து நாட்களுக்குள் மூன்று சட்டை மாற்றிக்கொண்டு வந்த அந்த வேகம் ராஜப் பிரதிநிதியின் உறக்கத்தைக் கலைத்தது. பிப்ரவரி 29ஆம் தேதி நார்த்புரூக் பிரபு அவசரச் சட்டம் பிறப்பித்தார். மார்ச் 4ஆம் தேதி போலீஸார் அரங்குக்குள் புகுந்து, நாடகாசிரியர் உபேந்திரநாத் தாஸையும் நடிகர் அமிருதலால் போஸையும் மற்றும் சிலரையும் கைது செய்தார்கள். கைதுக்குக் காட்டிய காரணம் இளவரசரைக் கேலி செய்தது அல்ல. ‘சுரேந்திர வினோதினி’ என்ற வேறொரு நாடகம் ஆபாசமானது என்பதுதான். கீழ்க் கோர்ட் விதித்த ஒரு மாதச் சிறைத் தண்டனையை ஹைக்கோர்ட் தள்ளிவிட்டது. ஆனால் அந்த வருஷம் டிசம்பரில் நாடக நிகழ்ச்சிச் சட்டம், 1876ஆம் வருஷத்திய 19ஆவது சட்டம், நிரந்தரமாக வந்துசேர்ந்தது.

அந்தச் சட்டத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். சர்க்காரிடத்தில் அதிருப்தியை மூட்டக்கூடியது என்று தோன்றும் எந்த நாடகத்தையும் தடுக்கலாம்; தடையை மீறினால் மூன்று மாதச் சிறை; போலீஸார் அரங்கினுள் புகுந்து, ஆட்களோடு திரைச்சீலைகளையும் உடைகளையும் கைப்பற்றலாம்; சர்க்கார் குறிப்பிடும் பிரதேசங்களில் லைசென்ஸ் இல்லாமல் நாடகம் போடக்கூடாது, மூன்று நாள் முன்னதாக நாடகப் பிரதியைக் கொண்டுவந்து கொடுக்கவேண்டும் என்றும் விதிக்கலாம். இத்தனை கதவுகளையும் அடைத்துக்கொண்டு வந்தவர்கள், பன்னிரண்டாம் பிரிவில் ஒரு சாளரத்தைத் திறந்துவைத்தார்கள். சமயத் திருவிழாக்களில் நடக்கும் ஜாத்திரைகளுக்கும் அவற்றைப் போன்ற கூத்துகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அந்தப் பிரிவு. 1857 கலகத்தின் பயங்கரத்தைக் கண்டு, குடிகளின் மத விஷயத்தில் தலையிடுவதில்லை என்று மகாராணியின் பெயரால் 1858இல் வாக்களித்திருந்த சர்க்காருக்கு, இராமனும் கண்ணனும் முருகனும் நடமாடும் மேடையில் கைவைப்பதற்குத் தயக்கம் இருந்ததில் வியப்பில்லை. கொட்டகை கட்டி, டிக்கெட் விற்று நடக்கும் புராண நாடகத்துக்கு அந்த விலக்கு நேராகப் பொருந்தாது என்பது உண்மை. ஆயினும் அந்தத் தயக்கத்தின் நிழல் அதன்மீதும் விழுந்தது. தேவர்கள் பேசலாம் என்று சட்டமே ஒருவகையில் ஒப்புக்கொண்ட பின், மனிதர்கள் பேசவேண்டியதையெல்லாம் தேவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

மஹாராஷ்டிரத்தில், திலகரின் அணுக்கத் தோழராக இருந்த கிருஷ்ணாஜி பிரபாகர் காடில்கர் 1907ஆம் வருஷம் ‘கீசக வதம்’ என்ற நாடகத்தை மேடையேற்றினார். விராட ராஜனுடைய அரண்மனையில் திரௌபதி மறைந்து பணிப்பெண்ணாக இருக்கிறாள். ராஜாவின் மைத்துனனான கீசகன் அவளை விரும்பி அவமானப்படுத்துகிறான். பொறுத்திரு என்கிறார் தர்மபுத்திரர். பீமன் பொறுக்காமல் கீசகனைக் கொன்றுவிடுகிறான். பாரதத்தில் உள்ள கதைதான். ஒரு வரிகூட சர்க்காரைப் பற்றியது அல்ல. ஆனால் வங்கத்தை 1905இல் இரண்டாகத் துண்டித்த கர்ஸன் பிரபுவின் நினைவு ஜனங்களின் மனத்தில் ஆறாத புண்ணாக இருந்த காலம் அது. கீசகன் வாயைத் திறந்ததும் கொட்டகையில் இருந்தவர்களுக்குக் குரல் புரிந்துவிட்டது. திரௌபதி யார், பொறுத்திரு என்று சொல்லும் மிதவாதி யார், பொறுக்காத பீமன் யார் என்பதை எவரும் எவருக்கும் விளக்கவில்லை.

இங்கே சட்டத்துக்கு ஏற்பட்ட சங்கடத்தைச் சற்று நின்று யோசித்துப் பார்க்கவேண்டும். நாடகத்தைத் தடை செய்யவேண்டுமானால், கீசகன் என்பது ராஜப் பிரதிநிதியைக் குறிக்கிறது என்று யாராவது சொல்லியாகவேண்டும். நாடகாசிரியர் சொல்லவில்லை, நடிகன் சொல்லவில்லை, பார்த்தவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மிஞ்சியிருப்பது சர்க்கார் ஒன்றுதான். பிறன் மனைவியைத் தீண்டக் கை நீட்டியவனுடைய முகம் எங்கள் முகத்தைப் போல் இருக்கிறது என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டாலன்றி, அந்த நாடகத்தை அது தடுக்க முடியாது. மூன்று வருஷம் தயங்கிவிட்டு, 1910இல் அப்படியே எழுதித் தடுத்தது.

இதே சங்கடம் பேசாத படத்துக்கும் வந்தது. 1921இல் பம்பாய்க் கோஹினூர்க் கம்பெனியார் எடுத்த ‘பக்த விதுரர்’ படத்தில் விதுரருக்குக் கதராடையும் காந்திக் குல்லாயும் அணிவித்திருந்தார்கள், அவ்வளவுதான். அதற்குச் சென்னை மாகாணத்தில் தடை. பின்னாளில், 1943இல் வந்த ‘கிஸ்மத்’ படத்தில் கவி பிரதீப் எழுதிய பாட்டு ஒன்று, ஹிந்துஸ்தானத்தை விட்டு விலகிப் போகும்படி அன்னியரை எச்சரிக்கையில் ஜெர்மானியரையும் ஜப்பானியரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. யுத்த காலத்தில் பிரிட்டனின் பகைவர்களை வைத பாட்டைத் தணிக்கை அதிகாரி எப்படி வெட்டுவார்?

இனி நம் தமிழ் மேடைக்கு வருகிறேன். இதுவே நான் அதிகமாகப் பேச விரும்பிய இடம்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தபோது அவர் விட்டுச்சென்ற ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’ போன்ற நாடகங்கள் தமிழ்நாட்டின் பட்டிதொட்டிகளிலெல்லாம் பரவியிருந்தன. அவற்றை நடித்தவர்களில் பெரும்பாலோர் ஸ்பெஷல் நாடக நடிகர்கள். ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பை இளைஞர்கள் பலர் அறியமாட்டார்கள் என்பதனால் சொல்கிறேன். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் இன்னோர் ஊர். அந்தி மயங்கும் வேளையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டுகள் மனப்பாடம். ஆனால் வள்ளிக்கும் வேலனுக்கும், நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில், அடுத்த வார்த்தை என்ன என்பது பேசுகிறவருக்கே பேசும் க்ஷணத்தில்தான் தெரியும். எதிராளி போட்ட முடிச்சை அவிழ்க்கத் தெரியாதவன் விடியும்வரை மேடையில் நிற்க முடியாது.

இப்போது சட்டத்தை நினைத்துப் பாருங்கள். பிரதியைக் கொண்டுவா என்று கேட்கிறது சட்டம். கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சுவாமிகளின் பிரதி, வள்ளி தினைப்புனம் காக்கிறாள், முருகன் வேடனாக வருகிறான், கிழவனாக வருகிறான், யானையைக் கண்டு பயந்து வள்ளி அவனைத் தழுவிக்கொள்கிறாள். ஆட்சேபிக்க என்ன இருக்கிறது? கையெழுத்தாயிற்று. அன்று இரவு மேடையில் நடந்ததோ, அந்தப் பிரதியில் ஒருநாளும் இருந்ததில்லை, இருக்கவும் முடியாது. எழுத்தைக் கட்டிவைக்கத் தெரிந்த சட்டத்துக்கு, வாயில் பிறந்து காற்றில் மறையும் சொல்லைக் கட்டிவைக்கத் தெரியவில்லை.

அந்த இரவுகளின் அரசராக இருந்தவர் எஸ். எஸ். விசுவநாத தாஸ். 1886இல் சிவகாசியிலே பிறந்தவர். பாட்டுகளுக்கு மதுரகவி பாஸ்கரதாஸின் துணை இருந்தது. ‘வள்ளி திருமண’த்தில் வேலனாக நின்று தாஸ் பாடிய கொக்குப் பாட்டு, தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லாத பாட்டாயிற்று. அதன் வரிகளை நான் சொல்லப் போவதில்லை. அதில் ஒளிந்திருக்கும் யுக்தியை மட்டும் எடுத்துக்காட்ட விரும்புகிறேன். வள்ளி காப்பது தினைப்புனம். தினைப்புனத்துக்கு வருவது கிளி, குருவி, புறா. அவற்றைத்தான் அவள் கவண் வீசி ஆலோலம் பாடி விரட்டுவாள். கொக்கு தினை தின்பதில்லை. அது நீர்நிலையில் ஒற்றைக் காலில் நின்று மீன் பிடித்துத் தின்னும் பறவை. மேடைக்கு முன்னே தரையில் உட்கார்ந்திருந்த குடியானவனுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவன் வயலும் குளமும் அவனுக்குத் தெரியும். ஆகவே தினைப்புனத்திலே ஒரு வெள்ளைக் கொக்கு வந்து இறங்கியதும், அது கொக்கு அன்று என்பது அவனுக்கு உடனே புலப்பட்டுவிட்டது. வந்திருக்கக்கூடாத இடத்தில் வந்திருப்பது எது, அடக்கமாக நின்று கொத்திக்கொண்டு போவது எது, நிறம் வெள்ளையாக இருப்பது எது என்று அவனே முடித்துக்கொண்டான்.

இந்தப் பழக்கம் பிரிட்டிஷ் சட்டத்தினால் நமக்கு வந்ததன்று. சொல்லுவது ஒன்றாகவும் உணர்த்துவது ஒன்றாகவும் நிற்கும் உள்ளுறையைத் தொல்காப்பியம் இலக்கணமாக வகுத்துத் தந்திருக்கிறது. மருத நிலத்து எருமை தாமரையை மிதித்தால், பரத்தையிடம் சென்ற தலைவனைத் தோழி இடித்துரைக்கிறாள் என்று உணர்ந்துகொள்ளப் பழகிய மரபு இது. காளமேகத்தின் சிலேடைகளைக் கிராமத்துத் திண்ணையிலே சொல்லிச் சிரித்தவர்கள் நாம். எழுதப்படிக்கத் தெரியாத குடியானவனும் கதாகாலட்சேபத்திலும் கூத்திலும் இந்த நுட்பத்தைக் காதால் பயின்றிருந்தான். மேடையில் இருந்தவன் பாதி சொன்னான். கீழே இருந்தவன் பாதி சொன்னான். ராஜத்துரோகம் என்று ஒன்று அங்கே நடந்திருந்தால், அதில் சரிபாதி கேட்டவர்களின் மனத்திலே நடந்தது. ஒரு கொட்டகை ஜனத்தின் மனத்துக்கு எந்த மாஜிஸ்திரேட் வாரண்டு அனுப்புவார்?

விசுவநாத தாஸைப் பற்றி நாடக உலகில் வழங்கிவரும் ஒரு செய்தி உண்டு. அவர் முருகன் வேடத்தில் மேடைமீது இருக்கையில் போலீஸார் வாரண்டோடு வந்து நின்றார்களாம். வாரண்டு யார் பெயருக்கு என்று கேட்டாராம். விசுவநாத தாஸ் பெயருக்கு என்றார்களாம். இப்போது இங்கே நிற்பவன் முருகன். விசுவநாத தாஸ் வேண்டுமானால் வேடம் கலைந்தபின் வாருங்கள் என்றாராம். நடந்தது எழுத்துக்கு எழுத்து இப்படித்தானா என்பதைவிட, இத்தனை ஆண்டுகளாக ஜனங்கள் இதை விரும்பிச் சொல்லிவருவது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேடத்தில் இருப்பவன் பேசும்போது பேசுகிறவன் யார் என்ற கேள்வி, சாஸ்திரங்களில் ரஸத்தைப் பற்றி விசாரித்த ஆலங்காரிகர்களைப் பல நூற்றாண்டுகள் வாட்டிய கேள்வி. அதை ஒரு கொட்டகையிலே, சப்-இன்ஸ்பெக்டருக்கு முன்னால், ஜனங்கள் கேட்டுக்கொண்டிருக்க, ஒரு நடிகர் எழுப்பினார் என்பது தமிழ் ஜனங்களின் நம்பிக்கை.

ஆனால், அன்பர்களே, இந்தச் சாமர்த்தியம் அவரைக் காப்பாற்றவில்லை. கொக்கு என்றால் கொக்குதான் என்ற வாதத்தை எந்தக் கோர்ட்டும் நெடுநாள் பொறுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கைதானார். திரும்பத் திரும்பச் சிறை சென்றார். வெளியே வந்ததும் மறுபடி அதே பாட்டைப் பாடினார். சட்டத்தின் விளிம்பிலே நின்ற இந்தக் கலைஞர்களைத் தப்பித்துக்கொள்ளத் தெரிந்த தந்திரசாலிகள் என்று யாரேனும் எண்ணினால், அது பெரும் பிழை. தப்பித்துக்கொள்ள விரும்பியவர்களுக்குச் சுலபமான வழி இருந்தது. கிளியையும் குருவியையும் மட்டும் விரட்டிவிட்டு, சன்மானத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டை நான் அழுத்திச் சொல்லியாகவேண்டும். சட்டத்தின் ஓரத்தில் நடமாடும் புத்தி எல்லாவற்றையும் நான் போற்றவில்லை. கலப்படக்காரனும் கள்ளக்கணக்கு எழுதுகிறவனும் அதே ஓரத்தில்தான் நடமாடுகிறார்கள். அவர்களிடத்திலும் கற்பனைக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களுடைய யுக்தி ஊராருக்குத் தெரியாதிருந்தால்தான் பலிக்கும். பாலில் தண்ணீர் கலந்திருப்பது வாங்குகிறவனுக்குத் தெரிந்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடும். காடில்கருடைய யுக்தியும், தாஸின் யுக்தியும், மரத்தில் சோற்றைக் கட்டிய தஞ்சைக் குடியானவனின் யுக்தியும் ஊராருக்குத் தெரிந்திருந்தால்தான் பலிக்கும். கீசகன் யார் என்று தெரியாத ஒருவன் இருந்தால், அவனளவில் நாடகம் தோற்றது. மறைவு சட்டத்துக்கு எதிரே மட்டும்; ஜனங்களுக்கு எதிரே எல்லாம் பட்டப்பகல்.

தாஸைப் போல மேடையில் நின்றவர்கள் வேறு சிலரையும் சொல்லவேண்டும். வெ. சாமிநாத சர்மா எழுதிய ‘பாணபுரத்து வீரன்’ தடைக்கு உள்ளானபோது, டி. கே. எஸ். சகோதரர்கள் அதையே ‘தேசபக்தி’ என்ற பெயரில் 1931இல் அரங்கேற்றினார்கள். கே. சுப்ரமண்யம் எடுத்த ‘தியாகபூமி’ படத்துக்குத் தடை வரப்போகிறது என்று தெரிந்ததும், சென்னை கெயிட்டி தியேட்டரில் அதை இலவசமாக ஓயாமல் காட்டினார்கள், ஜனங்கள் திரண்டார்கள், போலீஸார் தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தார்கள். உத்தரவு கைக்கு வந்துசேரும் வரையில் படம் குற்றமற்றது அல்லவா? அந்த இடைவெளியின் ஒவ்வொரு நாழிகையையும் ஜனங்களுக்குத் தானமாகக் கொடுத்தார்கள்.

வெள்ளைக்காரர்கள் போனதோடு அந்தச் சட்டமும் போயிருக்கும் என்று நீங்கள் எண்ணலாம். போகவில்லை. 1954இல் சென்னை ராஜ்யத்துக்கென்று தனியாக ஒரு நாடக நிகழ்ச்சிச் சட்டம் வந்தது. எம். ஆர். ராதாவின் நாடகங்கள் பலருடைய மனத்தைப் புண்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய கருத்துகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும், கீசகனைத் தடை செய்த ஆயுதத்தைச் சாணை பிடித்து நம் கையிலேயே நாம் எடுத்துக்கொண்டோமே என்பதில் எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு. நாடகப் பிரதியைப் போலீஸ் அதிகாரியிடம் ஒப்புவித்து அனுமதிக்காகக் காத்திருக்கும் வழக்கம் சென்னையில் வெகுகாலம் நீடித்தது. பரீக்ஷா குழுவை நடத்திய ஞாநி, அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்; 2013இல்தான் சென்னை ஹைக்கோர்ட் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளை அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று தள்ளியது. 1876ஆம் வருஷத்துத் தாய்ச்சட்டம் 2018இல் நீக்கப்பட்டது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல், இந்த நாட்டில் ஒரு நடிகன் வாய் திறக்குமுன் அதிகாரியின் முகத்தைப் பார்க்கவேண்டியிருந்தது.

அந்த நூற்று நாற்பது ஆண்டுகளில் நமக்குக் கிடைத்த நுட்பங்களை நான் பாராட்டிப் பேசினேன். அதனால் அந்தச் சட்டம் கலைக்கு உபகாரம் செய்தது என்று நான் சொல்வதாகக் கொள்ளவேண்டாம். கொக்குப் பாட்டின் நயத்தை இன்று நாம் ரஸிக்கிறோம். அதற்காகத் தாஸ் சிறையில் கழித்த நாட்களில் அவர் குடும்பத்தார் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்பதை ரஸிக்க முடியாது. பிரதி கேட்டுக் காத்திருந்து மனம் சலித்து நாடகத்தையே விட்டுவிட்டவர்கள் எத்தனை பேரோ. அவர்கள் எழுதாமல் விட்டதற்கு எந்த ஆவணக் காப்பகத்திலும் பிரதி இல்லை.

1940ஆம் வருஷம் டிசம்பர் 31ஆம் தேதி இரவு, சென்னை ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’ நடந்தது. விசுவநாத தாஸ் முருகன் வேடம் பூண்டு, மயில் வாகனத்தில் அமர்ந்து பாடத் தொடங்கினார். ஐம்பத்து நான்கு வயது. பலமுறை சிறை கண்டு தளர்ந்த உடல். பாடிக்கொண்டிருக்கையிலேயே தலை சாய்ந்தது. திரையை இறக்கிவிட்டு ஓடிவந்து தூக்கியவர்கள், வேடம் கலையாத முகத்தில் உயிர் இல்லாததைக் கண்டார்கள்.